மைதா பசையில் ஒட்டின இரண்டு லேபிள்கள்

நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்று மர பீரோவுக்குள் ராப்பகலாக எரிந்துகொண்டிருக்கும். கதவைத் திறந்தால் சூடான மரவாசனை முகத்தில் அடிக்கும்… கம்ப்யூட்டர் என்றதும் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது அந்த வாசனைதான்.

எண்பதுகளின் கடைசி. பள்ளங்கியிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ் ஏறி, சிஸ்டர்கள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் ஆபீஸ் வேலை பார்த்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பத்தாவதுதான் என் படிப்பு. டைப்பிங் மட்டும் தெரியும். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

ஆபீஸில் இரண்டு கம்ப்யூட்டர். பெரிய சிஸ்டர் ஒன்றுக்கு அந்தோணியார் என்றும், மற்றதற்கு சூசையப்பர் என்றும் பெயர் வைத்திருந்தார். நான் சிலுவை போட்டுக்கொண்டுதான் சுவிட்சைத் தட்டுவேன். மேகம் வந்து ஜன்னலில் இறங்கினால், தகவல் எடுத்து வைக்கிற பிளாப்பித் தட்டெல்லாம் பூசணம் பிடித்துவிடும். அதற்காகத்தான் பீரோவுக்குள் பல்பு.

இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிகளைப் பழுது பார்க்க மதுரையிலிருந்து செல்வராஜ் அண்ணன் வருவார். அந்தோணியாரில் பெட்டியை ஓட்டுகிற இன்னொரு சிஸ்டமும் போடவேண்டும், ஆன் செய்ததும் ‘எது வேணும்’ என்று அதுவே கேட்கவேண்டும் என்று சிஸ்டருக்கு ஆசை. அப்படிக் கேட்க வைக்கிற புரோகிராம், ஹார்ட் டிஸ்கின் முதல் இடத்தில் போய் உட்காருமாம். அந்த இடத்துக்கு பூட் செக்டர் என்று பெயர். பெட்டி கண் திறந்ததும் முதலில் வாசிப்பது அதைத்தான். ஆகவே ஏற்கெனவே அங்கே இருப்பதை பிளாப்பியில் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். கோளாறானால் திருப்பிப் போட்டுவிடலாம் என்று அண்ணன் விளக்கினார். இரண்டு பெட்டியிலும் ஆளுக்கொரு பிளாப்பியில் எடுத்தார். நான் பேர் எழுதி, ஆபீஸில் எல்லாவற்றுக்கும் காய்ச்சுகிற மைதா பசையால் ஒட்டி பீரோவில் வைத்தேன். அந்தப் புரோகிராமோடு இரண்டு வாரத்தில் வருகிறேன் என்று அவர் போய்விட்டார்.

நடுவில் நான்கு நாள் விடாத மழை. கரண்ட் இல்லை, பல்பும் இல்லை. ஐந்தாம் நாள் பீரோவைத் திறந்தால், பசை இளகி இரண்டு லேபிளும் தனியாகக் கீழே கிடக்கின்றன. இரண்டு பிளாப்பியும் ஒரே கறுப்பு, ஒரே அளவு.

யாரிடமும் சொல்லவில்லை… மேலே இருந்தது அந்தோணியார்தான் என்று நானே முடிவுகட்டி, புதுப் பசை தடவி ஒட்டிவிட்டேன். மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லிக்கொண்டேன்.

செல்வராஜ் அண்ணன் ஒரு சனிக்கிழமை காலை பிரிண்டருக்கு ரிப்பனோடு வந்தார். ரிப்பன் இல்லாததால்தான், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சை லிஸ்டை நாங்கள் பிரிண்ட் எடுக்காமல் வைத்திருந்தோம். சிஸ்டர் வாசிக்க வாசிக்க நான் அடித்தது. பேர், பிறந்த தேதி எல்லாம் அந்தோணியாருக்குள் மட்டும்தான் இருந்தது. திங்கட்கிழமை காலையிலேயே திண்டுக்கல் போகவேண்டிய லிஸ்ட். அதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், மத்தியான பஸ்ஸுக்குள் இந்தச் சோலியை முடிக்கிறேன் என்று அவர் புரோகிராமைப் போட்டார். ஆஃப் செய்து ஆன் செய்தார்.

திரையின் மூலையில் ஒரு கோடு மட்டும் மினுக்கியது. வேறொன்றும் வரவில்லை.

அவர் பதறவில்லை. பழையதைப் போட்டால் சரியாகிவிடும் என்று கையை நீட்டினார். நான் பீரோவைத் திறந்து, அந்தோணியார் என்று ஒட்டியிருந்ததை எடுத்துவிட்டு, கொடுக்காமல் நின்றேன்.

"அண்ணே, மாத்திப் போட்டா என்னாகும்?"

"பெட்டிக்குள்ள எது எங்க கெடக்குன்னே அதுக்குத் தெரியாமப் போயிரும், லிஸ்டு மேலயே எதையாச்சும் எழுதி அழிச்சாலும் அழிச்சிரும். எதுக்குக் கேக்குற?"

ஜெபமாலையோடு சிஸ்டரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"லேபிள் ரெண்டும் உரிஞ்சு விழுந்துருச்சுங்க. நாந்தான் குத்துமதிப்பா ஒட்டினேன்."

செல்வராஜ் அண்ணன் பிளாப்பியை வாங்கி, நெற்றியில் தட்டிக்கொண்டார். "காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்குற அந்தோணியாரையே தொலைச்சுட்டியேம்மா."

எங்கள் வீட்டில் விதைப்பூண்டுக் கட்டு எது எந்தக் கொல்லையுடையது என்று தெரியாமல் போனால், அப்பா கொல்லையில் நிற்கிற ஒரு பூண்டைப் பிடுங்கி வந்து பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அது ஞாபகம் வந்தது.

"சூசையப்பர் நல்லாத்தான இருக்காரு? அவருகிட்ட இன்னொரு காப்பி எடுத்து ஒத்துப் பாத்தா தெரியாதாண்ணே?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உடனே அடுத்த பெட்டிக்கு நகர்ந்து புதுப் பிளாப்பியில் காப்பி எடுத்தார். நான் அந்தோணியார் என்று ஒட்டினதோடு முதலில் ஒத்துப் பார்த்தார்.

அட்சரம் பிசகாமல் ஒத்துப்போனது. அது சூசையப்பர்.

வாயை மூடிக்கொண்டு கொடுத்திருந்தால்?

மற்ற பிளாப்பியை அந்தோணியாரில் திருப்பிப் போட்டதும், திரை பழையபடி கண் திறந்தது. லிஸ்ட் பத்திரமாக இருந்தது. அண்ணன் இரண்டு பிளாப்பிக்குள்ளும் பெட்டியின் பேரை ஒரு சின்ன ஃபைலாக எழுதிவைத்தார். பேரை மேலே மட்டும் ஒட்டாதே, உள்ளேயும் போட்டுவை என்றார்.

வேலை போச்சு என்றுதான் நான் நின்றேன். சிஸ்டர் ஜெபமாலையை மடித்து வைத்தார்.

"இனிமே மைதா வேணாம். வெரசா லிஸ்ட பிரிண்ட் எடு."

அவ்வளவுதான். அதன்பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. அடுத்த ஜூனில் என்னை நிரந்தரமாக்கினார்.

போன மாதம் என் மகன் எனக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். டீ கொதிக்கிற நேரத்துக்குள் பழையதில் இருந்த போட்டோ, நம்பர், ஜெபப் பாட்டு எல்லாம் தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டன. பிளாப்பியும் இல்லை, லேபிளும் இல்லை. யாரும் சிஸ்டர் முன்னால் நின்று எதையும் ஒத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. நல்லதுதான்… நான் மட்டும் ஏனோ பழைய போனில் இருப்பதை இன்னும் அழிக்கவிடவில்லை.

என் அடுப்படி டப்பாக்களைத் திறந்தால் இன்றைக்கும் ஒவ்வொன்றிலும் மல்லி, மிளகாய், கரம் மசாலா என்று உள்ளே ஒரு துண்டுச்சீட்டு கிடக்கும். மருமகள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, சீட்டைப் பழைய இடத்திலேயே வைத்துத்தான் மூடுவாள்.