அச்சாறுப் போத்தல் பல்லி

தொண்ணூற்றெட்டில் கொழும்பு வெள்ளவத்தையில் நாகேஸ்வரியைப் பராமரிக்கப் போனேன். தொலைபேசிக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பாரிசவாதத்தில் இடக்கை விழுந்திருந்தது. ஒரே மகன் குகதாசன், இரண்டு வருடங்களுக்கு முன் மருதானைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. அந்த ப்ளாட் அவன் பெயரில் இருந்தது.

வீட்டில் ஒரு பல்லியும் இருந்தது. ஜன்னலில் நசுங்கிப் பின்கால் போனது. பழைய அச்சாறுப் போத்தலில் விட்டு, போத்தலின் வாயைக் காயத்துக்குக் கட்டும் வலைத்துணியால் மூடினேன். சின்னக் கரப்பான், விட்டில் போட்டால் போதும். கண்ணாடியில் தண்ணீர் தெளித்தால் நக்கிக் குடிக்கும். எச்சத்தைத் தினமும் துடைக்க வேண்டும். நோயாளியைவிடக் கரைச்சல் குறைவு.

"வருவான்" என்று நாகேஸ்வரி சொல்லும்போது பல்லி சத்தமிட்டால், உடனே மேசையில் விரலால் தட்டுவார். அந்த நேரத்தில் பேசியது பலிக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு எண்ணம்.

ஒருநாள் வீடு சோதிக்க வந்த ஆமிக்காரன் போத்தலைத் தூக்கி, "மே மொகத?" என்றான், இது என்ன என்று சிங்களத்தில்.

"மகே ஹூனா," என்றார் நாகேஸ்வரி. பிறகு என் பக்கம் திரும்பி, "என்ர பல்லி எண்டு சொல்லிப்போட்டன். பொலிசில பதிஞ்சதோ எண்டு கேக்கப்போறான்," என்றார். கொழும்பில் தங்கும் தமிழர் பொலிசில் பெயர் பதிய வேண்டிய காலம் அது. ஆமிக்காரன் சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த மாதம் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி இரத்தினசிங்கம் வந்தார். சட்டத்தரணி. மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கும் படிவத்தை மேசையில் விரித்தார்.

"கையெழுத்து வையுங்கோ அக்கா. வீட்டை உங்கட பேருக்கு மாத்தலாம்."

"அவன் வந்து கேட்டால்?"

"குகன் இனி வரமாட்டான், அக்கா."

போத்தலுக்குள் பல்லி சொன்னது. இரத்தினசிங்கத்தின் விரல் தானாகவே மேசையில் மூன்று தரம் தட்டியது. பிறகுதான் அவருக்கு உறைத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நாகேஸ்வரி என்னைப் பார்த்தார். "இண்டைக்குச் சாப்பாடு குடுக்கேல்லையோ? பசியில கத்துது."

"விடிய ரெண்டு கரப்பான் குடுத்தனான்."

"தண்ணி?"

"அதுவும் தெளிச்சனான்."

 நாகேஸ்வரி பேனாவை வாங்கினார். தாள் நகராமல் நான் பிடித்தேன். கையெழுத்து நேராகத்தான் விழுந்தது.

"இறந்த திகதி, அக்கா... காணாமற்போன நாளைப் போடுவமோ?"

"அண்டைக்கு அவன் சோறு திண்டிட்டு நடந்து போனவன். இண்டையான் திகதியைப் போடும்."

 இரத்தினசிங்கம் கலண்டரைப் பார்த்து எழுதினார்.