சாவியாப் போச்சு

நேற்றுக் காலை வண்டியை எடுக்கப் போன மகள், "அப்பா, சாவி எங்க?" என்று கத்தினாள். எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்தால் இன்றைக்கும் எனக்கு என் முதல் வேலைதான் ஞாபகம் வருகிறது.

பூட்டுக்குப் போடும் சாவி போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்த சொல்லாம். இன்னொரு சாவி இருக்கிறது. சாவது என்கிறோமே, அதிலிருந்து பிறந்தது என்கிறார்கள். இதையெல்லாம் பிற்பாடு தேடிப் படித்தேன். படித்து என்ன புண்ணியம்!

அறந்தாங்கிக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரை ஊரில் வி.ஏ.ஓ.வாக முதல் வேலை. நான் சென்னையில் வளர்ந்தவன், நெல்லை அரிசியாகத்தான் தெரியும். மார்கழியில் ஒருநாள் செல்லம்மாள் என்ற அம்மா பதறிக்கொண்டு வந்தார்.

"எல்லாம் சாவியாப் போச்சு சார். நீங்க ஒரு எட்டு வந்து பாத்தாத்தான் மாட்டை விடமுடியும்."

மாட்டைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டார் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா?

"பூட்டை உடைங்கம்மா. இதுக்கெல்லாமா ஆபீசுக்கு வருவாங்க?"

"சரிங்க சார்" என்று போய்விட்டார்.

மறுநாள் தலையாரியிடம் இதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"என்ன சார் இப்புடிப் பண்ணிட்டீங்க! கதிர் வந்தும் தண்ணியில்லாம பால் புடிக்காமக் காஞ்சு போச்சுன்னா அதான் சார் சாவி."

சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினேன். வயலில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அடிக்கட்டையைத் தவிர எல்லாவற்றையும் தின்று தீர்த்திருந்தன.

"நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன். மாடாச்சும் திங்கட்டும்னு விட்டுட்டேன் சார்" என்றார் செல்லம்மாள். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

காய்ந்த பயிரைக் கண்ணால் பார்த்து எழுதினால்தான் நிவாரணம். அது வந்தால்தான் அடுத்த வெள்ளாமைக்கு அவருக்கு விதைநெல். 'பார்வையிட்டபோது பயிர் இல்லை' என்று நானே என் கையால் எழுதினேன். பொய் எழுதவும் தைரியமில்லை, பாருங்கள். மறு வருஷம் அவர் விதைக்கவில்லை. மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அங்கிட்டுப் போனேன். அந்த வயல் மட்டுமல்ல, கண்மாய்வரைக்கும் தைலமரம். இப்போதைய வி.ஏ.ஓ. சின்ன வயசுக்காரர், காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"ஊர் எப்படி?" என்று கேட்டேன்.

"தொந்தரவே இல்லாத ஊரு சார். மழை பேயலைன்னு ஒருத்தரும் வந்து நிக்கிறதில்லை."