கூகைக்கட்டுக்குப் போட்ட சங்கிலி

அண்ணாவின் தாடைக்குக் கீழே வீக்கம் வந்தபோது வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை: கூகைக்கட்டுத்தான். அதற்குக் கழுத்தில் பொன் போடவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அம்மா அலுமாரியைத் திறந்து, என்னைத் தொடவே விடாத தன் இரட்டைப்பட்டுச் சங்கிலியை எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டார். எனக்கு ஏழு வயது. வயிற்றெரிச்சல் சொல்லி மாளாது. எனக்கும் ஒரு வீக்கம் வராதா என்று கண்ணாடி முன் நின்று தாடையைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

மூன்று கிழமையாகியும் வீக்கம் வற்றவில்லை, கல்லாக இறுகியது. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா லீவு போட்டு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இரத்தத்தைச் சோதித்தார்கள், ஒரு குறையும் இல்லை. பிறகு கட்டியில் சிறு துண்டு வெட்டிச் சோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முதலில் நெறிக்கட்டியில் வரும் புற்றுநோய் என்றார்கள். அந்தத் துண்டில் வேறு சாயங்கள் போட்டுப் பார்த்தபின் அதுவும் இல்லையென்றாயிற்று. இரத்தப் புற்றுநோயாம், எலும்புக்குள் இருக்கும் மச்சையில் இல்லாமல் வெளியே கட்டியாகக் குந்தியிருக்கிறதாம். அபூர்வமாகத்தான் அப்படி வருமாம்.

"வெட்டி எடுத்தாப் போதாதோ, டொக்டர்?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

"ஏலாது. விட்டா மச்சைக்குள்ளயும் வந்திடும். உயிருக்கு ஆபத்து. முழு உடம்புக்கும் மருந்து ஏத்தவேணும். உடனே கொழும்புக்குப் போங்கோ."

அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்ட காலை எல்லோரும் அழுதார்கள். நான் மட்டும் நியாயம் கேட்டேன்.

"கூகைக்கட்டு இல்லையெண்டா இவனுக்கு என்னத்துக்குச் சங்கிலி?"

அண்ணா சிரித்தான். கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, "கவனம், வந்து வாங்குவன்" என்றான். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

மாதக்கணக்கில் லிங்கநகரில் பெரியம்மா வீட்டில் சங்கிலியும் கழுத்துமாகத் திரிந்தேன். பெரியவர்கள் அவன் பிழைப்பானோ என்று குசுகுசுத்தார்கள். ஒருநாள் தலையில் மயிரே இல்லாமல், ஈர்க்குப் போல மெலிந்து, அண்ணா அம்மாவோடு ஓட்டோவில் வந்திறங்கினான். கட்டி கரைந்துவிட்டது, மச்சையும் சுத்தமாம். எனக்கோ பகீரென்றது. வாங்க வந்துவிட்டானே! ஓடிப்போய்ச் சங்கிலியை அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டு வந்து, யாரும் கேட்குமுன்பே சொன்னேன்.

"அம்மா, சங்கிலி கடலுக்க விழுந்திட்டுது."

அடிக்குத் தயாராக முதுகை வளைத்து நின்றேன்.

"போனாப் போகுது, போ! இவன் வந்திட்டான்தானே!" என்று அம்மா என்னையும் இழுத்து அணைத்தார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். அவ்வளவு பாடுபட்டு ஒளித்த பொருளுக்கு ஒரு அடிகூட விழவில்லை. பொன்னைத் தொலைத்த ஒரு தாய் எப்படி அப்படிச் சிரிக்கலாம் என்று, அன்றிரவு சங்கிலியைத் தோண்டியெடுத்தபோதும் எனக்கு விளங்கவேயில்லை.