தெருக்குத்து மனை

தொண்ணூறுகளின் நடுவில் படாளம் பக்கம் ஒரு மனை வாங்கினேன். ஜிஎஸ்டி சாலையோரம் வயல்களில் கல் நட்டு விற்கத் தொடங்கியிருந்தார்கள். எல்லா நகர்களிலும் முதலில் வளைவு வரும், பிறகு ஒரு சின்னக் கோயில், அதற்கப்புறம்தான் சாலை. கோயில் இருந்தால் மனை சீக்கிரம் போகும். என் மனைக்கு நேராக ஒரு தெரு வந்து முட்டியது. விலை குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

சில வருடங்கள் கழித்து, செங்கல்பட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்தார். தைக்குள் காலி செய்யச் சொன்னார். இனி வாடகை வீடே வேண்டாம் என்றாள் மனைவி. மனையை விற்றால் ரயில் நிலையத்துக்கு அருகில் சிறிய ஃப்ளாட் வாங்கலாம்.

பார்க்க வந்தவர்கள் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஆடியில் ஒருவரும் வரவில்லை.

"தெருக்குத்து கீது சார், அதான் பேஜாரு. ஒரு புள்ளையார வச்சுடு, எல்லாம் சரியா பூடும்" என்றார் தரகர்.

தெருவைப் பார்த்த மாதிரி மதில் கட்டி, அதில் ஒரு மாடம் விட்டுப் பிள்ளையாரை வைத்தோம். ஆவணியில் சதுர்த்தி வந்தது. யாரோ மாலை போட்டார்கள், யாரோ தகரக் கூரை போட்டார்கள். ஆலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் நின்று கும்பிட்டார்கள். பூக்கடை வந்தது, டீக்கடை வந்தது. வியாபாரம் என்று ஒன்றுமே இல்லாதிருந்த தெரு அது. எதிர் மனைகள் நல்ல விலைக்குக் கைமாறின.

ஐப்பசியில் மதுராந்தகத்து நெல் வியாபாரி ஒருவர் வந்தார். விலைக்கு முன்பே சம்மதித்திருந்தார். செருப்பைக் கழற்றினார், தோப்புக்கரணம் போட்டார், திருநீறு பூசிக்கொண்டார்.

"சாமி நல்ல களையா கீது சார்."

"மனை?"

"கோயில் எடத்த எப்டி சார் வாங்கறது? நானும் புள்ளகுட்டிக்காரன்."

அவர் போனதும், பிள்ளையாரை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று தரகரிடம் கேட்டேன். டீக்கடைக்காரர் காதில் விழுந்துவிட்டது.

"இன்னா சார் பேசற? நீயே வச்சுட்டு நீயே தூக்குவியா? வூட்ல கேட்டியா?"

வீட்டில் கேட்டேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"வேண்டாங்க. நாளைக்கு யாருக்காவது காய்ச்சல்னாக்கூட இதைத்தான் நினைச்சிட்டிருப்பேன்."

உலை வைத்த பிறகு சொன்னாள்: "அடுத்த தெருவுல ஒரு போர்ஷன் காலியா இருக்காம். வாடகைதான் கொஞ்சம் கூட."

மார்கழியில் வீடு மாறக் கூடாது என்று கார்த்திகையிலேயே மாறினோம். வண்டியில் சாமான் ஏற்றும்போது படாளத்திலிருந்து கோயில் கமிட்டி என்று மூன்று பேர் வந்தார்கள். கும்பாபிஷேக வசூல். பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"புள்ளையாருக்கு ரெண்டு பக்கமும் கீற மதில எடுத்துட்டா, உன் மனைக்குள்ள பிரகாரம் சுத்த வசதியா இருக்கும் சார். இன்னா சொல்ற?"

மனைவியைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள்.

"எடுத்துக்குங்க" என்றேன். "இந்த பீரோவை மட்டும் அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க."

மூன்று பேரும் பிடித்தார்கள்.