டாக்டரம்மாவின் இரண்டு பெடல் கார்

மருமகள் புதுக் கார் வாங்கிவந்து வாசலில் நிறுத்திய அன்று எல்லோரும் அதன் நிறத்தைப் பார்த்தார்கள். நான் குனிந்து, கால் வைக்கும் இடத்தைப் பார்த்தேன். இரண்டே பெடல்கள். "கிளட்ச் கிடையாதுத்தே, கியர் தானா மாறிக்கிரும்" என்று ஏதோ நான் காணாத அதிசயம்போல விளக்கினாள். இப்படி ஒரு காரில், அவள் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, மடியில் மருந்துப் பெட்டியோடு கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றியவள் நான் என்றால் அவள் நம்பமாட்டாள். நீங்கள் நம்புவீர்கள்.

எழுபதுகளின் தொடக்கம். ராயப்பன்பட்டிக்காரியான நான் உத்தமபாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் நர்ஸாகச் சேர்ந்திருந்தேன். அவருக்குச் சொந்த ஊர் மதுரை. சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை கட்டித்தான் நடப்பார். கிளட்சை மிதிக்க அந்தக் கால் உதவாது. பிரசவத்துக்குப் போக வாடகைக் காரைத்தான் நம்பியிருந்தார், அதுவும் மழை பெய்தால் வராது. அந்தச் சமயத்தில் குமுளிக்கு மேலே எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரர், கிளட்சே இல்லாத பழைய அமெரிக்கக் கார் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டார். பஸ் ஏறிப் போனவர், காரில் தானே மலை இறங்கி வந்தார்.

கார் என்றா சொன்னேன்? அது ஒரு படகு. சீட்டில் உட்கார்ந்தால் வெள்ளைக்காரர் வளர்த்த நாயின் முடி சேலையில் ஒட்டும். குழந்தை பிறந்த வீடுகளில் கூடை கூடையாகத் திராட்சை கொடுத்துவிடுவார்கள். அதில் பத்துப் பழமாவது சீட்டுக்கடியில் உருண்டு நசுங்கிப் புளித்துக் கிடக்கும். டாக்டரம்மா குடித்துவிட்டு ஓட்டுகிறார் என்று ஊரில் யாரும் புரளி கிளப்பாதது அவர் நடத்தையின் மேல் இருந்த மதிப்பால்தான். முதல் நாள் எனக்குக் கதவைத் திறக்கத் தெரியவில்லை. இறங்காமல் சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன், ஏதோ நானே அதன் சொந்தக்காரி மாதிரி.

அந்தக் கார் ஒரு வெள்ளிக்கிழமை முரண்டு பிடித்தது. கிளம்பும், எஞ்சின் அலறும், ஆனால் மேல் கியருக்குப் போகாது. சும்மா இருபது மைல் வேகத்துக்கு ஆஸ்பத்திரித் தெருவே காதைப் பொத்தியது. சின்னமனூர் வரை போய்வந்ததில் ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கியது.

செய்தி மதுரைக்கும் எட்டி, டாக்டரம்மாவின் அண்ணன் போன் செய்தார். பேசி முடித்து ரிசீவரை வைத்த டாக்டரம்மா, "வண்டி போச்சுன்னா அங்கன ஒத்தையில கெடந்து என்ன பண்ணப் போற, மதுரைக்கே வந்துருன்னு சொல்றாக" என்று மட்டும் சொன்னார். வரமாட்டேன் என்று அவர் பதில் சொன்ன மாதிரி தெரியவில்லை. எனக்குத் திக்கென்றது. என் சம்பளத்தில்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான். அதைவிட, அவர் இல்லாத அந்த ஆஸ்பத்திரியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மூன்று நாள் இப்படியே போனது. திங்கட்கிழமை காலையில் கம்பத்திலிருந்து மெக்கானிக் அபுதாகிர் அண்ணன் வந்தார். அந்தக் காருக்கு எல்லா வேலையும் அவர்தான்.

"லாரி கியர்பாக்ஸுன்னா கண்ணக் கட்டிக்கிட்டுப் பிரிச்சு மாட்டிருவேன் டாக்டரம்மா. இதுக்குள்ள என்ன இருக்குன்னே தெரியல. மதுரைக்கு லாரில ஏத்தி அனுப்பிருவோம்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஓடைப்பட்டியிலிருந்து ஒருவர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றார். அவர் மனைவிக்கு முந்தின பிள்ளை வீட்டிலேயே பிறந்து, உடனே இறந்துபோயிருந்தது. இந்தத் தடவை நானே வருவேன் என்று டாக்டரம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்.

"இப்பத்தேன் லேசா வலி கண்டிருக்கு. எங்காத்தா ஒங்கள கையோட கூட்டியாரச் சொன்னாக."

டாக்டரம்மா அவரை வாடகைக் கார் பார்க்க அனுப்பிவிட்டு, அபுதாகிர் அண்ணனிடம் திரும்பினார். "ஆபரேஷன்னு சொல்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேப்போம்ல அபு. அதக் கேட்டுட்டு அனுப்புவோம்."

எஞ்சினை ஓடவிட்டு, கியர்பாக்ஸ் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவச் சொன்னார். நான் காயத்துக்கு வைக்கும் வெள்ளைத் துணியை நீட்டினேன். அளவு சரியாக இருந்தது. துணியில் சிவப்பாகப் படிந்ததை அபுதாகிர் அண்ணன் மோந்து பார்த்தார். "கருகுன வாடை இல்ல. உள்ள தகடு எதுவும் தீயல." என்னிடமும் நீட்டினார். எனக்கு வாந்திதான் வந்தது. ஆனாலும் பெரிய நிபுணர்போலத் தலையாட்டினேன்.

டாக்டரம்மா பின்னால் ஓட்டிப் பார்த்தார். நன்றாகவே போனது. தெருக்கோடி வரை முன்னால் ஓட்டி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பார்த்தார். அப்போதும் கியர் மாறவில்லை.

"உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு அபு. எப்ப மாறணும்னு அதுக்குத் தெரியல. ஏ பிள்ள, எப்ப இருந்து இப்படி?"

"வெள்ளிக்கிழமைலருந்து."

"வியாழக்கிழமை வண்டிய என்ன பண்ணோம்?"

"நான்தேன் கார்புரேட்டரக் கழட்டிக் கழுவி மாட்டுனேன்..." என்ற அபுதாகிர் அண்ணன் அப்படியே நின்றார். பிறகு பாய்ந்து பானட்டைத் திறந்தார்.

கார்புரேட்டரிலிருந்து ஒல்லியான கம்பி ஒன்று கீழே கியர்பாக்ஸுக்குப் போனது. ஓட்டுகிறவர் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறார் என்று கியர்பாக்ஸ் தெரிந்துகொள்வது அந்தக் கம்பி வழியாகத்தான். அபுதாகிர் அண்ணன் கையால் ஆக்சிலரேட்டரை இழுத்து விட்டார். எஞ்சின் அடங்கியது; கம்பி மட்டும் போன இடத்திலேயே நின்றது. அதைத் திரும்ப இழுக்க வேண்டிய ஸ்பிரிங்கைக் காணோம். டாக்டரம்மா மெதுவாகப் போனாலும், காலை எடுத்தாலும், முழுசாக மிதித்துக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்துக் கியர்பாக்ஸ் கீழ் கியரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அபுதாகிர் அண்ணன் தன் தலையில் ஓங்கி அடித்துக்கொண்டு, வந்த மோட்டார் சைக்கிளிலேயே கம்பத்திலிருந்த தன் பட்டறைக்குப் பறந்தார். வியாழக்கிழமை சாமான்களைக் கழுவிய மண்ணெண்ணெய் டின்னின் அடியில், கசடோடு கசடாக அந்த ஸ்பிரிங் கிடந்ததாம். ஈரத்தோடு கொண்டுவந்து மாட்டினார். என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது.

"என் தப்புதேன் டாக்டரம்மா. என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க."

"நீ வெளிய விட்டுட்ட. நாங்க வயித்துக்குள்ள வச்சுத் தச்சிருவோம்" என்றார் டாக்டரம்மா. முதலில் விழித்த அபுதாகிர் அண்ணன், பிறகு சிரித்த சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஓடைப்பட்டிக்காரர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். முகூர்த்த நாள், ஊரில் ஒரு வாடகைக் கார் இல்லை. அவரைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். முதல் கியர் அலறியது. நான் மருந்துப் பெட்டியை இறுக்கிக்கொண்டு மாதாவை வேண்டினேன். ஊர் எல்லை தாண்டும்போது வண்டி லேசாக ஒரு குலுங்கு குலுங்கி மேல் கியருக்கு மாறியது; சத்தம் அடங்கியது. வயல்காட்டுக் காற்று ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. டாக்டரம்மாவின் தோள் இரண்டும் மெல்ல இறங்குவதைப் பார்த்தேன்.

வலி முற்றுவதற்கு முன்பே போய்விட்டோம். பெண் குழந்தை. தலைகீழாகப் பிடித்துத் தட்டியதும் அது போட்ட சத்தத்தில், வாசலில் நின்றிருந்த தகப்பன் மண்ணில் உட்கார்ந்து அழுதார். அன்று சாயங்காலம் டாக்டரம்மாவே மதுரைக்குப் போன் போட்டார். "வண்டி சரியாப் போச்சுண்ணே. நான் இங்கனயே இருந்துக்கிறேன்" என்றார். அடுத்த அறையில் ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்த நான், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு சிலுவை போட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அபுதாகிர் அண்ணனும் இல்லை. கார் எந்தக் காயலான் கடையில் முடிந்ததோ. ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. இதெல்லாம் போனதில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் இன்னொன்றும் போயிருக்கிறது. அந்தக் காலத்தில் பேறுகால வலி கண்ட வீட்டில், யாராவது ஒருவர் ரோட்டோரம் வந்து நிற்பார். தூரத்தில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அந்த முகம் நிமிரும். வேறு வண்டி என்று தெரிந்ததும் தொங்கிவிடும். இப்போது போன் அடித்தால் ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்துவிடுகிறது. போன மாதம் சின்னமனூர் வரை போய்வந்தேன். வழி நெடுக, அப்படி ஒருவர்கூட நிற்கவில்லை.