அப்பா வைத்த பித்தளைத் துண்டு

அப்பாவின் கேமரா அருமனையில் அக்கா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. மடித்தால் ஒரு வேதப்புத்தக அளவு. திறந்தால் கறுப்புத் துருத்தி முன்னால் நீளும். அதன் நுனியில் லென்ஸ். அதற்குரிய பிலிம் இப்போது வருவதில்லை. கிடைக்கிற சுருள் கொஞ்சம் பெரிது. உள்ளே தகட்டின் ஓரத்தை அரத்தால் தேய்த்தால் பொருந்திவிடும்.

வடசேரியிலிருந்து நான் போகும்போதெல்லாம் இதே பேச்சுதான்.

“ஏலே, அது அப்பா வச்சிட்டுப் போனது. அதுல அரம் போட விடமாட்டேன்.”

“படம் எடுக்கதுக்குத்தானே அக்கா, அப்பா வாங்கினாரு?”

“எனக்குப் பாக்கதுக்கு இருந்தா போதும்.”

நான் சின்ன வகுப்பில் படித்தபோது, ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரில் சிக்கி அப்பாவின் வலதுகை ஆட்காட்டி விரல் போனது. படம் எடுக்க அழுத்தும் நெம்புகோல் வலப்பக்கம். பல மாதம் அவர் அதைத் தொடவில்லை. ஒருநாள் ஆலயத்திலிருந்து வந்ததும், பழைய கதவுக் கீலிலிருந்து ஒரு பித்தளைத் துண்டை வெட்டி, ஈயம் உருக்கி, இடப்பக்கம் நீளும்படி நெம்புகோலோடு ஒட்டினார். இனி இடது கட்டைவிரல் போதும். ஷீட் காயும் கொடியருகே எங்கள் இருவரையும் நிறுத்தி, “அசையப்பிடாது” என்றார். அவர்தான் சிரித்துச் சிரித்து அசைந்துகொண்டிருந்தார்.

போன வருடம் அக்கா மகனின் நண்பர் ஒருவர் திருவனந்தபுரத்திலிருந்து வந்தார். பழைய கேமராக்கள் சேர்ப்பவர். நான் அப்போது அங்கிருந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல கேமரா. ஆனா ஆரோ இந்தப் பித்தளைய ஒட்டி நாசம் பண்ணியிருக்காங்க. இதை எடுத்துட்டு ஒரிஜினல் லீவர் போட்டாத்தான் மதிப்பு.”

அக்கா அவர் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டாள்.

“ஆரோ இல்ல, எங்கப்பா. நீங்க சாயா குடியுங்க, ஆறிப்போவும்.”

அவர் போன பிறகு கேமராவை மடியில் வைத்து, அந்தப் பித்தளைத் துண்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே கேட்டாள்.

“நீ சொன்ன அந்த அரம் கையில இருக்கா?”

“வீட்ல இருக்கு.”

“அடுத்த தடவ கொண்டு வா. என் முன்னாலதான் தேய்க்கணும்.”

அடுத்த சனிக்கிழமை செய்தித்தாளை விரித்துத் தேய்த்தேன். “போதும்லே, போதும்” என்று பக்கத்திலேயே நின்றாள். சுருள் உட்கார்ந்ததும் முதலில் மூச்சுவிட்டது அவள்தான்.

மறுவாரம் முட்டம் போனோம். பாறைமேல் காற்று ஆளைத் தள்ளியது. கழுவி வந்த படங்களில் பாதி வெறும் கறுப்பு. ஒன்றில் மட்டும் அக்கா இருந்தாள்: முடி பறக்க, விளிம்புக்குப் போகாதே என்று என்னைத் திட்டிக்கொண்டு. அவள் தோளுக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு கீற்று.

“இது என்னது?”

“துருத்தியில ஓட்ட இருக்கு. வெளிச்சம் ஏறிட்டுது.”

படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள்.

“அப்போ அதையும் அடைச்சிரு மக்கா. ஒட்டுப்போட கறுப்புத் துணி வேணும்னா நான் தாறேன்.”