கால் தங்கய்யனுடையது, கை அண்ணனுடையது

அருமனையில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்து, முப்பத்திரண்டு வயதில் கர்த்தருக்குள் இளைப்பாறப் போய்விட்ட எங்கள் அண்ணனுக்கு இன்று முதலாம் ஆண்டு நினைவு நாள். அவர் பொறுமைசாலி என்று ஆலயத்தில் போதகர் ஐயா சொன்னார். கூடப் பிறந்தவள் சொல்கிறேன், அண்ணனுக்குப் பொறுமை கடுகளவும் கிடையாது. பொறுமை உள்ளவர் யாராவது மார்த்தாண்டம் சாலையில் பிளஷர் காரை அந்த ஓட்டம் ஓட்டுவார்களா?

அண்ணனும் அவருடைய நண்பர் தங்கய்யனும் ஒன்றாகத்தான் காரோட்டக் கற்றார்கள். ரப்பர் தோட்ட முதலாளிகள் இருவரிடம் ஆளுக்கொரு டிரைவர் வேலையும் கிடைத்தது. எந்த வளைவில் எந்த கியர் என்பதுதான் சாப்பிடும்போதும் அவர்களுக்குப் பேச்சு. சுதந்திரம் வந்த மறு ஆண்டு அண்ணனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டு கால்களின் பலத்தையும் கொண்டு போயிற்று.

அதன்பின் அவருக்கு உலகம் தெற்கு அறைதான். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், வெளியே ஒரு பலாமரம். சாலையில் கார் போனால் கண்ணை மூடிக் கேட்பார். "ரெண்டுல ஏற வேண்டியத மூணுல இழுக்கான், மடையன்" என்று திட்டுவார். அம்மா இல்லாத வீடு. அப்பாதான் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டினார்.

சனிக்கிழமைதோறும் முதலாளியின் காருக்குப் பெட்ரோல் அடிக்க மார்த்தாண்டம் போகும் தங்கய்யன், வழியில் வந்து அண்ணனைத் தூக்கித் தம் இடப்பக்கம் உட்கார்த்தித் துண்டால் கட்டிக்கொள்வார். ஸ்டியரிங்கும் கால் வேலையும் தங்கய்யனுக்கு. நடுவில் நிற்கும் கியர் கம்பி அண்ணனுக்கு. அவர் கிளட்சை மிதித்ததும் இவர் கை மாற்றிவிடும். ஒருவரையொருவர் பார்ப்பதுகூட இல்லை. ஒருமுறை என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். நான் கண்ணையே திறக்கவில்லை. "ஏட்டி, இருக்கியா, செத்தியா?" என்று அண்ணன் சிரித்தார்.

யாரோ பார்த்து அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். "காலு போனது போராதா, உயிரும் போணுமா? ஏலே தங்கய்யா, இனி இஞ்ச கார கொண்டு வரப்பிடாது" என்றார் அப்பா.

"வாரத்துல ஒரு மணிக்கூறுதாம்ப்பா நான் மனுசனா இருக்கேன். அதையும் எடுத்துட்டு என்னை எதுக்கு வச்சிருக்கிய?" என்று அண்ணன் கேட்டார். மறுநாள் முதல் அப்பா வெளிக்கேட்டைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். பாசம்தான், ஆனால் பூட்டு பூட்டுதானே. உள்ளே அண்ணனும் நானும் அடைந்து கிடந்தோம்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை முதலாளியோடு அதே சாலையில் இறக்கத்தில் வந்த தங்கய்யன் கிளட்சை மிதித்துவிட்டு, பழக்கத்தில் கியர் மாறும் என்று இருந்துவிட்டார். மாற்ற ஆளில்லை என்பது உறைப்பதற்குள் கார் மண்திட்டில் ஏறிவிட்டது. பெரிய காயமில்லை, வேலைதான் போயிற்று. நெற்றியில் கட்டோடு வேலி தாண்டி வந்து ஜன்னலருகே நின்றார். "எனக்க கையி போவல்ல மக்கா. நீ மாத்துவேன்னு இருந்துட்டேன்" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே அழத் தொடங்கினார்.

அதன்பின் அண்ணன் காரில் ஏறவே இல்லை. படுக்கைப் புண்ணும் நெஞ்சுச் சளியும் சேர்ந்து, சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவரைக் கொண்டுபோயின.

அடக்க நாளைப் பற்றி உறவினரிடையே இன்னும் முணுமுணுப்பு உண்டு. பெட்டி முன்னே, பாடிக்கொண்டு ஜனங்கள் பின்னே, வண்டி நடைவேகத்தில் போவதுதான் நம் வழக்கம். தங்கய்யன் ஒரு வாடகை வேன் கொண்டுவந்து, அப்பாவைப் பக்கத்தில் உட்கார்த்தி, அப்படித்தான் ஓட்டினார். பெட்டியோடு நான் பின்னால் இருந்தேன். சந்திப்பைத் தாண்டியதும் அப்பா சொன்னார்: "இப்பிடி ஊர்ந்து போனா அவனுக்குப் பிடிக்காது. விடு மக்கா."

தங்கய்யன் நம்பாமல் அவரைப் பார்த்தார்.

"விடுடே."

பாடிக்கொண்டு வந்த உங்களை நடுச்சாலையில் விட்டுவிட்டு நாங்கள் பறந்தது அதனால்தான். தங்கய்யனை யாரும் குறை சொல்ல வேண்டாம். நோயில் துணை நின்றவர்களுக்கும், அன்று மழையில் கல்லறைத் தோட்டம்வரை தனியே நடந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நீங்கள் வந்து சேரும்வரை அப்பா வேனைவிட்டு இறங்கவில்லை. "ரோடு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.